ஏழாம் கட்டில்

பேராதனை
12.01.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் பவாஸ் மச்சானும் மகள் பஸ்னாவும் மாமியும் சுகம்தானே? எனக்குத் தும்மலும் தடிமனும் வந்து போயின, வேறு ஒன்றுமில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் மாமிக்குத் திருப்தி. நான் கேட்கப்போவது முதலில் உங்கள் காதுக்கு மட்டும் போகவேண்டும். அதனால் ஹொஸ்டல் காலத்துப் பழக்கப்படி கடிதம்.

எங்கள் மருத்துவ பீடத்துக்குக் கையடக்க ஸ்கேன் கருவிகள் வந்திருக்கின்றன. சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். நெஞ்சில் ஜெல் பூசி இதை வைத்து அழுத்தினால், இதயம் அடிப்பது போன் திரையில் தெரியும். மாணவர்களுக்கு இதைப் பழக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள், ராத்தா. அக்குறணைக் கடைக்காரர் மகளிடம். வாப்பா உயிரோடு இருந்தால் கடையைப் பூட்டிவிட்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார்.

ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் பேராசிரியருக்கு இதில் நம்பிக்கை இல்லை. "பிள்ளைகளின் கையில் இதைக் கொடுத்தால் சுகமாக இருப்பவரையும் நோயாளி ஆக்கிவிடுவார்கள்" என்கிறார். மே மாதம் பரீட்சை வைத்து, ஜூனில் கூடி, இந்தப் பாடம் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்கள். அதற்குள் என் மாணவிகளின் கை பழகவேண்டும். படுத்துக் காட்ட ஆண்கள் இருக்கிறார்கள். பெண்கள்தான் கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு வரக் கூச்சப்படுகிறார்கள். உங்கள் மேல்மாடி ஹோலை ஞாயிற்றுக்கிழமைகளில் தருவீர்களா? பெண் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். மடவளையில் நீங்கள் கூப்பிட்டால் வராத பெண் யார்?

உங்கள் துஆவில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள். வஸ்ஸலாம்.

தங்கை,
ஸுமைரா


மடவளை
20.01.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். இங்கே எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்தாயா? நீ குடித்திருக்கமாட்டாய். ஊருக்கெல்லாம் மருந்து எழுதும் கை தனக்கு ஒரு கேத்தல் தண்ணீர் வைக்காது.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மாமிக்கு மூன்றாம் தரம் சத்தமாக வாசித்தேன். என் காதுக்கு மட்டும் என்று நீ எழுதியிருந்தாய். பெருமையை எப்படியடி காதுக்குள் பூட்டி வைப்பது?

பெண்கள் எட்டுப் பேர் சம்மதித்துவிட்டார்கள். "ஸ்கேன் என்டா வயித்துப் புள்ளைக்குத்தானே, எனக்கென்னத்துக்கு இந்த வயசில?" என்று ஒருத்தி சிரித்தாள். பக்கத்து வீட்டு மஸீனாதான் கறாராக நின்றாள். "நெஞ்சக் காட்டுறன், மொகத்தக் காட்டமாட்டன். நாளைக்கி பஸ்ஸில கண்டா, அந்தப் புள்ளைக்கு நான் ஆரென்டு தெரியப்படாது" என்றாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆகவே கேள்: ஒவ்வொரு கட்டிலிலும் கழுத்தளவில் ஒரு திரை. முகம் அந்தப் பக்கம், நெஞ்சு இந்தப் பக்கம். படத்தில் யாருடைய பெயரும் இருக்கக்கூடாது. கட்டில் இலக்கம் மட்டும். மஸீனாவுக்கு ஏழு.

மாமி பழைய படுக்கை விரிப்புகளை வெட்டித் திரை தைக்கத் தொடங்கிவிட்டார். மச்சானும் கடைப் பொடியன்மாரும் கட்டில்களை மேலே ஏற்றினார்கள். நான் கீழே கதிரையில் இருந்து ஏவினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வஸ்ஸலாம்.

ராத்தா,
றிஸானா


பேராதனை
10.02.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று நீங்கள் கட்டித்தந்த புரியாணி இன்று பகலுக்கும் போதுமாக இருந்தது. உங்கள் கைக்கு பரக்கத் கிடைக்கட்டும்.

முதல் ஞாயிறு பிள்ளைகள் இதயத்தைத் தேடி நெஞ்செலும்பையும் நுரையீரலையும்தான் கண்டார்கள். ஒருத்தி ஈரலைக் காட்டி "இதோ மேடம்" என்றாள். நேற்று ஏழு பேருக்கு இதயம் ஒழுங்காகத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மெலிந்த பிள்ளை, நாவலப்பிட்டி நிஷாந்தி, நினைவிருக்கிறதா? தகப்பன் வீரசிங்கம் நகரசபையில் கிளாக். மற்றவர்கள் படம் கிடைத்தவுடன் சத்தம் போடுவார்கள். இவள் வாயைத் திறக்கமாட்டாள். மூச்சை அடக்கச் சொல்லி, கையை ஒரு நெல்லளவு திருப்பி, மறுபடி பார்த்து, நிச்சயமான பிறகுதான் பேசுவாள். இவளை நினைத்தால் எனக்கே கொஞ்சம் கர்வம் வருகிறது.

எட்டுக் கட்டிலையும் நானே முதலில் பார்த்துப் பதிந்து வைத்துவிட்டேன். எல்லாம் சுகமான இதயங்கள். அதிலும் ஏழாம் கட்டில் பாடப் புத்தகத்தில் போடலாம். பரீட்சையில் பிள்ளைகள் எடுக்கும் படங்களை இவற்றோடு ஒப்பிடுவோம்.

எல்லாரையும் பார்த்தேன், உங்களைத் தவிர. தேத்தண்ணியைக்கூடப் பஸ்னாவிடம் கொடுத்து மேலே அனுப்பிவிட்டுக் கீழேயே நிற்கிறீர்கள். அடுத்த ஞாயிறு உங்கள் முறை. சாட்டுச் சொல்லக்கூடாது.

வஸ்ஸலாம்.
ஸுமைரா


மடவளை
19.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். நோன்பு நெருங்கிவிட்டது, வீட்டில் அரிசி இடிப்பதும் மிளகாய் காயவைப்பதுமாக ஒரே அமளி. அதனால் பதில் தாமதம்.

தேத்தண்ணி ஊற்றுகிறவள் படுத்தால் தேத்தண்ணியை யார் ஊற்றுவது? போன ஞாயிறு ரொட்டிக்கு மாப் பிசைந்த கையோடு நின்றேன். நோன்பு முடியட்டும், பார்ப்போம். என் நெஞ்சுக்குள் இப்போதைக்கு உன்னைப் பற்றிய பெருமைதான் இருக்கிறது. அது உன் கருவியில் தெரியாது.

மாமியின் கதையைக் கேள். கல்யாண வீடொன்றில், "எங்கட மருமகள்ட தங்கச்சி கல்பைப் படம் புடிக்கிறா, திரை நான் தச்சது" என்று சொல்லியிருக்கிறார். கல்பை, அதாவது இதயத்தை. உன்னைவிடத் திரைக்குத்தான் அங்கே கூடுதல் மதிப்பாம்.

நிஷாந்திப் பிள்ளை போகும்போது கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. நல்ல வளர்ப்பு.

ரமழான் முபாரக். வஸ்ஸலாம்.
றிஸானா


பேராதனை
21.04.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு வந்தபோது நீங்கள் கொஞ்சம் வாடியிருந்ததாகப் பட்டது. நோன்புக் களைப்பு என்றீர்கள். நன்றாகத் தூங்குங்கள்.

பரீட்சை மே நான்காம் திகதி ஞாயிறு, உங்கள் வீட்டிலேயே. அன்று நான் வரக்கூடாது, பிள்ளைகளைப் பழக்கியவள் என்பதால். வேறொரு பெண் டாக்டர் வந்து மேற்பார்ப்பார், அவருக்கு உங்களில் யாரையும் தெரியாது. எட்டு மாணவிகள், எட்டுக் கட்டில்கள். படங்கள் எனக்கும் பேராசிரியருக்கும் வரும், இலக்கத்தோடு மட்டும்.

ஒரேயொரு வேண்டுகோள். ஒரு கட்டிலும் வெறுமையாக இருக்கக்கூடாது. ஒரு மாணவிக்கு ஆள் இல்லாமல் போனால் பரீட்சையே பிற்போடப்படும். பிற்போட்டால் ஜூன் கூட்டத்துக்கு என்னிடம் காட்ட ஒன்றும் இராது, பாடம் அத்தோடு போய்விடும். என் மானம் உங்கள் கையில், ராத்தா.

வஸ்ஸலாம்.
ஸுமைரா


மடவளை
06.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். நாங்கள் நலம். நீ தூக்கமில்லாமல் கிடப்பாய் என்று தெரியும், ஆகவே முதலில் செய்தி: எட்டுக் கட்டில்களும் நிறைந்திருந்தன. உன் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை.

வந்த டாக்டர் திரையைத் தொட்டுப் பார்த்து மெச்சினார். மாமி அன்று மதியம் சாப்பிடவே இல்லை, அந்தச் சந்தோஷம் போதுமாம்.

மஸீனாவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், நாவலப்பிட்டியில். மகளின் நாற்பது நாள் கழியும்வரை அங்கேதான் நிற்பாள்.

எனக்குச் சற்று அசதி. வேறு விசேஷமில்லை. வஸ்ஸலாம்.
றிஸானா


பேராதனை
13.05.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அசதி தீர்ந்ததா?

எனக்கு ஒரு வாரமாக நெஞ்சு கொதிக்கிறது. ஏழு பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல எடுத்திருக்கிறார்கள். பிழைவிட்டது யார் தெரியுமா? நிஷாந்தி. அவளுக்கு விழுந்தது ஏழாம் கட்டில், மஸீனா. நான் பெப்ரவரியில் பார்த்த அந்தப் புத்தகப் படம் போன்ற இதயம். அதைப் பார்த்துவிட்டு, வால்வு தடித்து முழங்காலை மடக்கினாற்போல் வளைந்திருக்கிறது, இடது மேலறை வீங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். படமும் அப்படித்தான் தெரிகிறது. கையைச் சரித்துப் பிடித்தால் சுகமான வால்வும் தடித்தாற்போல் காட்டும், அதை நான் நூறு தரம் சொல்லியிருக்கிறேன்.

பேராசிரியர் சிரித்தார். "நான் சொன்னேன்தானே, சுகமானவரை நோயாளி ஆக்குவார்கள் என்று." அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

அவளைக் கூப்பிட்டு, கோணம் பிழைத்துவிட்டது என்று எழுதித்தரச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே, "இல்லீங்க மேடம். மூணு தடவ திருப்பித் திருப்பிப் பாத்தேன். நான் பாத்தது அதுதாங்க. அவங்கள நீங்களே ஒருவாட்டி பாருங்க" என்றாள். இந்தச் சாதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது? இவளைப் பற்றி எவ்வளவு பெருமையாக எழுதினேன்.

வஸ்ஸலாம்.
ஸுமைரா


மடவளை
17.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம்.

உன் கடிதம் வந்தது. அந்தப் பிள்ளையை ஏசாதே. நிச்சயமில்லாமல் வாய் திறக்கமாட்டாள் என்று நீதான் எழுதினாய். இப்போது வாய் திறந்து ஒன்றைச் சொல்கிறாள், நீ கேட்கமாட்டேன் என்கிறாய்.

பரீட்சையில் அவளுக்குச் சித்தி போட்டுவிடேன், பாஸ் ஆகட்டும். ஒரு படம்தானே.

இங்கே மழை. வேறு எழுதத் தோன்றவில்லை.

றிஸானா


பேராதனை
22.05.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோப்பை கழுவியதற்காகச் சித்தி போட முடியாது, ராத்தா. நாளைக்கு அவள் டாக்டராகி, நோயில்லாத ஒரு தாயிடம் உன் இதயம் கெட்டுவிட்டது என்று சொன்னால்?

இதை நியாயமாகவே முடிக்கிறேன். ஜூன் முதலாம் திகதி ஞாயிறு மஸீனாவை நாவலப்பிட்டியிலிருந்து என்னிடம் அனுப்பிவையுங்கள், வாகனம் நான் பிடித்துத் தருகிறேன். பேராசிரியர் முன்னிலையில் பெரிய மெஷினில் பார்ப்போம். படம் சுத்தமாக இருந்தால், நிஷாந்தி இந்த வருஷம் சித்தியில்லை, மறுபடி படிக்கவேண்டும். கூட்டத்தில், பிழை கருவியில் இல்லை, ஒரு மாணவியின் கையில்தான் என்று சொல்லிப் பாடத்தைக் காப்பாற்றிக்கொள்வேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வஸ்ஸலாம்.
ஸுமைரா


மடவளை
27.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம்.

மஸீனாவைக் கூப்பிடாதே. அவள் படம் சுத்தமாகத்தான் வரும். பரீட்சையன்று ஏழாம் கட்டிலில் அவள் இல்லை. அன்று விடியவே மகளுக்கு வலி என்று போன் வந்து நாவலப்பிட்டிக்கு ஓடிவிட்டாள். ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், வேறு ஆள் பிடிக்க நேரமில்லை. ஒரு கட்டிலும் வெறுமையாக இருக்கக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய். நான் போய்ப் படுத்தேன்.

எனக்குப் பத்து வயதில் வாதக் காய்ச்சல் வந்தது, நீ அப்போது மடிப்பிள்ளை. மூட்டெல்லாம் வீங்கியது. இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது என்றார் டாக்டர். மாதாமாதம் ஊசி போட்டோம். மடவளையிலிருந்து பெண் கேட்டு வந்ததும் உம்மா ஊசியை நிறுத்தினார். "கல்பில கோளாறு என்டா ஆர் எடுப்பாங்க? வாயத் தொறக்காத" என்றார். உம்மா மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு இது என்னோடு மட்டும். பஸ்னா வயிற்றில் இருந்தபோது மூச்சு அடைத்துச் செத்துப் பிழைத்தேன். இரத்தச்சோகை என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது நாலு படி ஏறினால் நின்றுதான் ஏறவேண்டும். நீ என்னைப் படுக்கச் சொன்ன ஒவ்வொரு ஞாயிறும் அடுப்படியில் புது வேலை தேடிப் பிடித்தேன். உனக்குத் தெரிந்தால் மச்சானுக்குத் தெரியவரும், மாமிக்குத் தெரியவரும். ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று என் உம்மாவின் கபுறைத் தோண்டுவார்கள் என்று பயந்தேன்.

அன்று அந்தப் பிள்ளை கருவியை வைத்தாள். கை நின்றுவிட்டது. நான் பொறுக்காமல், "என்ன மகள், முடிஞ்சிதா?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டுவிட்டேன். வாராவாரம் தேத்தண்ணி கொடுத்தவளின் குரல் அவளுக்குத் தெரியாதா? "கொஞ்சம் இருங்க அக்கா" என்றாள். முடிந்த பிறகு மாடிப்படியில் என்னைப் பிடித்து, "மேடம்கிட்ட காட்டுங்க அக்கா, தள்ளிப் போடாதீங்க" என்றாள். "ஆருக்கும் சொல்லாத மகள்" என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் உன்னிடம் அவள் ஒரு நிமிஷத்தில் தப்பியிருப்பாள். சொல்லவில்லை.

என்னை மறைக்க அந்தப் பிள்ளை ஒரு வருஷத்தை இழக்கக்கூடாது. அவள் கையில் பிழையில்லை, ஸுமைரா. அவள் கண்டது நிஜம். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதனால் எழுதினேன்.

றிஸானா


பேராதனை
11.06.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் அன்று கடிதத்தோடு ஓடிவந்ததும், மச்சானோடு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், பெரிய மெஷினில் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். ஹஜ்ஜுப் பெருநாள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

பெருநாளைக்கு இரண்டு நாள் முன் எங்கள் கூட்டம் நடந்தது. நீங்கள் சம்மதம் தந்தபடி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். பெப்ரவரியில் நான் எடுத்தது, மேயில் நிஷாந்தி எடுத்தது. "நான் இந்த மாணவியைப் பிழை என்று எழுதினேன். அவள் சரி, நான் பிழை. கட்டிலில் ஆள் மாறியிருந்தது. என் பதிவைப் பார்த்து நான் முடிவெடுத்தேன், அவள் நோயாளியைப் பார்த்து முடிவெடுத்தாள்" என்றேன். பேராசிரியர் படத்தை மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு, "அடுத்த வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடத்தை வையுங்கள்" என்றார். அவ்வளவுதான். ராத்தா, நாம் வென்றுவிட்டோம்.

வெளியே நிஷாந்தி நின்றாள். "ஆள் யாரென்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? நான் உன்னைச் சித்தியில்லை என்று எழுதப்போனேனே" என்று கேட்டேன். "திரைக்கு அந்தப் பக்கம் யாருன்னு வெளியில சொல்லக்கூடாதுன்னு முத நாளே நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எத்தனை விருது கொடுத்தாலும் எனக்கு இந்தப் பெருமை வராது.

இன்னொன்று. நீங்கள் பயந்த மச்சான், ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னது: "கலியாணம் முடிச்ச நாளிலீந்து, மாடிப்படியில 'நீங்க முந்திப் போங்கொ' என்டுதான் சொல்லுவா. நான் அத மரியாத என்டு நெனச்சிட்டு ஈந்தன்."

இருபத்திநாலாம் திகதி பலூன் சிகிச்சை. நெஞ்சைத் திறக்கமாட்டார்கள். தொடை இரத்தக்குழாய் வழியாகப் போய் ஒட்டிய வால்வை விரிப்பார்கள். நான் பக்கத்தில் நிற்பேன்.

இந்தப் படத்தை அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குக் காட்ட அனுமதி தருவீர்களா? வழக்கம்போல் பெயர் போடமாட்டேன். ஏழாம் கட்டில் என்று மட்டும் இருக்கும்.

வஸ்ஸலாம்.
ஸுமைரா


மடவளை
20.07.2025

என் கண்ணான தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். நான் சுகம். இந்தச் சொல்லை உனக்கு எத்தனையோ கடிதங்களில் எழுதியிருக்கிறேன், இன்றுதான் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

விஷயம் தெரிந்ததும் மாமி நேரே அடுப்படிக்குப் போனார். பிறகு கஞ்சிக் கோப்பையோடு வந்து, "ஒங்கட உம்மா செஞ்சத நானும் என்ட மகளுக்குச் செஞ்சிருப்பன். குடிங்கொ" என்றார். இத்தனை வருஷப் பயம் ஒரு கோப்பைக் கஞ்சியோடு போய்விட்டது. இப்போது வருகிறவர்களிடமெல்லாம், "என்ட திரைக்குப் பின்னாலதான் கண்டுபுடிச்சாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மஸீனா வேறு, தன் பேரன் அந்த நேரம் பார்த்துப் பிறந்ததால்தான் நான் பிழைத்தேன் என்று பங்கு கேட்கிறாள்.

வார்ட்டில் நிஷாந்தி என்னைப் பார்க்க வந்தபோது கருவியும் கொண்டுவந்திருந்தாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, பழக்கத்தில் கழுத்தளவில் கட்டவும் ஒரு துணி தேடித் தயங்கினாள். வேண்டாம் மகள், எனக்கும் பார்க்கவேண்டும் என்றேன். போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அந்த வால்வு திறந்து மூடியது, ஸுமைரா. அடைத்த கதவைப் போல முக்கிக்கொண்டிருந்தது இப்போது லேசாகத் திறக்கிறது என்று அவள் விளக்கினாள். அதற்குப் பிறகு நான் என் இதயத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உருவாக்கிய பிள்ளை. என் தங்கச்சி உருவாக்கிய பிள்ளை.

சிகிச்சைக்குப் பிறகு நேற்றுத்தான் முதல்தரம் மேல்மாடிக்குப் போனேன். நான் முன்னால், மச்சான் பின்னால். நடுவில் நிற்கவில்லை.

படத்துக்கு அனுமதி கேட்டாய். தருகிறேன், ஆனால் நீ சொன்னபடி இல்லை. ஏழாம் இலக்கம் மஸீனாவுடையது, அதை அவளுக்கே கொடுத்துவிடு. கண்டவர் நிஷாந்தி வீரசிங்கம் என்று மேலே எழுது. கீழே என் பெயரை எழுது: றிஸானா பவாஸ், மடவளை. முழுப் பெயர். பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும் அளவு பெரிய எழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பிள்ளைகளோடு வா, தேத்தண்ணியை நானே மேலே கொண்டுவருகிறேன்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா,
றிஸானா